ஆட்-இன் எழுதி ஸ்லைடு நிறம் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஓஎம்ஆர் ஐடி கம்பெனியோ, கிண்டி தொழிற்பேட்டையின் சின்ன நிறுவனமோ, லோகோ நிறம் மாறிவிட்டால் பழைய பவர்பாயின்ட் ஃபைல்களைப் புது நிறத்துக்குக் கொண்டுவரும் வேலை விபிஏ (ஆபீஸ் மென்பொருள்களில் மேக்ரோ எழுதும் மொழி) தெரிந்த ஒருவர் தலையில்தான் விழும். அவரும் ஓர் ஆட்-இன்னில் (பவர்பாயின்ட்டோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்) ஒரு லூப் போட்டு, எல்லா ஷேப்பின் ஃபில்லிலும் (உள்நிறம்) ஆர்ஜிபி எண்ணை, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவுகளை, நேரடியாகத் திணித்துவிடுவார். அன்றைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த முறை நிறம் மாறும்போதுதான் வம்பு: டிசைன் டேப்பில் எந்த தீம்-ஐ (ஃபைலின் நிறத் தொகுப்பு) தேர்ந்தெடுத்தாலும் அந்த ஷேப்கள் அசையாது.

ஒவ்வொரு தீமிலும் 12 நிற இடங்கள் உண்டு. டார்க் 2, லைட் 2, ஆக்சென்ட் 6, ஹைப்பர்லிங்க், பார்த்து முடித்த ஹைப்பர்லிங்க். ஷேப்பின் நிறத்தை வைத்திருக்கும் ஃபோர்கலரில் ஆர்ஜிபி எழுதினால் இந்த இடங்களோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்துவிடும். ஆப்ஜெக்ட் தீம் கலர் என்ற பிராப்பர்ட்டியில் ஆக்சென்ட் 1 என்று எழுதினால் தொடர்பு நிலைக்கும். ஒரு ஷேப்பின் நிறத்தை இன்னொன்றுக்குக் காப்பி செய்யும்போதும் இதே கதைதான். ஆர்ஜிபியைப் படித்து ஆர்ஜிபியில் எழுதுவதற்கு முன் அந்த நிறத்தின் டைப் என்ன (தீம் நிறமா, நேரடி ஆர்ஜிபியா) என்று பாருங்கள். தீம் நிறமாக இருந்தால் ஆப்ஜெக்ட் தீம் கலரை முதலிலும், பிரைட்னஸை அடுத்தும் எழுத வேண்டும். மெனுவில் 40% லைட்டர் என்று வருவது பிரைட்னஸில் 0.4.

உண்மையில், ஃபைல் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் ஷேப்களைத் தொடவே வேண்டாம். ஸ்லைடு மாஸ்டரின் (ஸ்லைடுகளுக்கு அடிப்படையான அச்சு) தீம் கலர் ஸ்கீமில் 5-ஆவது இடத்தை, அதாவது ஆக்சென்ட் 1-ஐ, மாற்றினால் போதும். ஆனால் ஆக்டிவ் பிரசென்டேஷனின் ஸ்லைடு மாஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். பல இடங்களிலிருந்து ஒட்டிச் சேர்த்த ஃபைலில் மூன்று நான்கு மாஸ்டர்கள் கிடக்கும். எல்லா மாஸ்டர்களையும் கொண்ட டிசைன்ஸ் கலெக்‌ஷன் முழுவதையும் சுற்றி வர வேண்டும்.

கையால் பூசிய பழைய நிறத்தைத் தேடி தீமோடு இணைக்கத்தான் ஷேப் லூப் தேவை. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் வழக்கமான நீலம் ரொம்ப காலம் 68, 114, 196 ஆக இருந்தது. 2023-இல் வந்த புது ஆபீஸ் தீமில் ஆக்சென்ட் 1 என்பது 21, 96, 130. பழைய எண்ணை மட்டும் தேடும் ஆட்-இன், புது தீமில் செய்த ஃபைலில் ஒன்றையும் கண்டுபிடிக்காது.

எல்லாவற்றையும் தீமோடு கட்டுவதும் தப்பு. சென்னை மெட்ரோ வரைபடம் உள்ள ஸ்லைடை எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் போகும் பாதை நீலம், சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை போகும் பாதை பச்சை. தீம் மாறியதும் நீலப் பாதை ஆரஞ்சாகிவிட்டால் படமே பொய். நிறத்துக்கே அர்த்தம் உள்ள இடத்தில் ஆர்ஜிபிதான் சரி. அந்த ஷேப்களுக்கு டேக்ஸில் (ஷேப்போடு ஒட்டிவைக்கும் மறைவான குறிப்பு) ஒரு குறி போட்டு, லூப் அவற்றைத் தாண்டிப் போகும்படி எழுதுங்கள்.

அடுத்தது எண் குழப்பம். தீம் கலர் ஸ்கீமில் 1 முதல் 12 வரைதான். ஷேப்பின் ஆப்ஜெக்ட் தீம் கலரிலோ 13 முதல் 16 வரையும் உண்டு: டெக்ஸ்ட் 1, பேக்ரவுண்ட் 1, டெக்ஸ்ட் 2, பேக்ரவுண்ட் 2. ஆக்சென்ட் 1 இரண்டிலும் 5 என்பதால் சோதனையில் எல்லாம் ஓடும். யாராவது 13-ஐ தீம் கலர் ஸ்கீமுக்கு அனுப்பினால் எரர். எழுத்துக்கும் பின்னணிக்கும் 13, 14 கொடுப்பதே நல்லது. எது எழுத்து, எது பின்னணி என்று சொல்லும் மாஸ்டரின் கலர் மேப் வழியாகப் போவதால் இருண்ட டெம்ப்ளேட்டில் எழுத்து தானாக வெளிறும்.

ஹெக்ஸ் எண்ணில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) அடிவாங்காத ஆள் குறைவு. டிசைனர் தரும் 156082 என்பது சிவப்பு 15, பச்சை 60, நீலம் 82 என்ற ஹெக்ஸ் வரிசை; வழக்கமான எண்ணில் 21, 96, 130. விபிஏ இதைத் தலைகீழாக, நீலம் முதலில் என்று படிக்கும். அப்படியே ஒட்டினால் பச்சை கலந்த நீலத்துக்குப் பதிலாக 130, 96, 21 என்ற பழுப்பு வரும். ஆர்ஜிபி ஃபங்ஷனில் 21, 96, 130 என்று கொடுங்கள். கிடைக்கும் மதிப்பு 85,44,277. டாட்நெட்டில் ஆட்-இன் எழுதும் விஎஸ்டிஓவில் டு ஏஆர்ஜிபி வேண்டாம், கலர் டிரான்ஸ்லேட்டரின் டு ஓஎல்ஈயைப் பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதும் ஆபீஸ் ஜேஎஸ்-இல் மட்டும் ஹாஷ் குறியோடு டிசைனர் தந்த வரிசையே செல்லும்.

லூப்பில் விட்டுப்போகிறவை எப்போதும் ஒரே ஆட்கள்தான். குரூப்புக்குள் குரூப் ஐட்டம்ஸ், டேபிளில் ஒவ்வொரு செல்லின் ஷேப், சார்ட்டில் ஒவ்வொரு சீரிஸின் ஃபார்மட் என்று தனித்தனியாக இறங்க வேண்டும். கிரேடியன்ட் ஃபில்லுக்கு முதலில் சாலிட் அழையுங்கள். ஒரு ஸ்லைடின் பின்னணியை மட்டும் மாற்றுவதென்றால் ஃபாலோ மாஸ்டர் பேக்ரவுண்டை ஃபால்ஸ் ஆக்கிய பிறகே ஃபில்லைத் தொடுங்கள்.

புது நிறத்தின் மேல் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பதையும் ஆட்-இன்னே கணக்கிடலாம். சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) வேண்டும் என்பது, இணையப் பக்கங்களை எல்லாரும் படிக்க வகைசெய்யும் டபிள்யூசிஏஜி விதிகளின் அளவு. வெள்ளை மேல் பளீர் மஞ்சள் 1.07:1தான். புரொஜெக்டரில் அது எழுத்தே இல்லை.

மேக்ரோ தொடங்கும் வரியில் ஸ்டார்ட் நியூ அண்டூ என்ட்ரி போட்டுவிட்டால், பயனர் பயந்துபோய் கன்ட்ரோல்-இசட் அடிக்கும்போது உங்கள் மாற்றம் தனியாகத் திரும்பும். மேக்கில் விஎஸ்டிஓ ஓடாது, பிபிஏஎம் (விபிஏவில் எழுதிய ஆட்-இன் ஃபைல்) ஓடும். பிரவுசர் பவர்பாயின்ட்டில் இரண்டுமே ஓடாது, ஆபீஸ் ஜேஎஸ் மட்டும்தான். மெயிலில் வந்த பிபிஏஎம் விண்டோஸில் முடங்கிக் கிடந்தால் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் செய்துவிட்டு ஏற்றுங்கள். பிபிஏஎம்மைத் திறந்து கோடிங்கைத் திருத்த முடியாது. அதனால் மேக்ரோவோடு சேவ் செய்த மூல பிபிடிஎம் ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, திருத்தங்களை அதில் செய்து புதிதாக பிபிஏஎம் சேவ் செய்யுங்கள்.