இடக்கதவுக்கும் வலக்கதவுக்கும் ஒரே கீல்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரு தகடுகளை ஓர் அச்சாணி இணைக்கும் சாதாரண பட் கீல் ஒன்றை இடப்பக்க நிலையிலிருந்து (கதவுச் சட்டத்திலிருந்து) கழற்றி வலப்பக்க நிலையில் வைத்துப் பாருங்கள். கீல் தலைகீழாகியிருக்கும். நிலையில் இருந்த தகடு மறுபடியும் நிலையிலும், கதவில் இருந்த தகடு கதவிலும்தான் அமரும். ஆனால் மேல்முனை கீழே போயிருக்கும், கீழ்முனை மேலே வந்திருக்கும். கதவுக்குத்தான் இடமும் வலமும் மாறின. கீலுக்கு மாறியவை மேலும் கீழும்.

இருபுறமும் பொருந்தும் கீலை வடிவமைக்கிறவர்கள் முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான். கீல் தலைகீழாகிறது, பூமியின் ஈர்ப்பு தலைகீழாவதில்லை. இந்த வகைக் கீலில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது இரு தகடுகளுக்கு இடையிலான உறவை மட்டும் நம்பி வேலை செய்கிறதா, அல்லது எடை கீழ்நோக்கி இறங்குவதை நம்பி வேலை செய்கிறதா?

முதல் வகைப் பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கதவைத் தானாக மூடும் முறுக்குச் சுருள் அப்படிப்பட்டது. எப்படித் திருப்பினாலும் அது இரு தகடுகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாகத்தான் இழுக்கும். 90 பாகையில் கதவை நிறுத்தும் தடுப்பும் அவ்வாறே. சுருள்வில் கீலுக்கு இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று எனத் தனி வார்ப்பு செய்து செலவை இரட்டிப்பாக்குவது வீண். சிக்கல் எல்லாம் இரண்டாவது வகையில்தான்.

எது இடம், எது வலம்?

வரைபடத்தில் "இடக்கைக் கதவு" என்று மட்டும் எழுதி அனுப்புவது மிகப் பழைய தவறு. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதே கதவு இடமாகவும் வலமாகவும் தெரியும். ஜெர்மன் தரநிலை முறையில், கதவை நம்மை நோக்கி இழுத்துத் திறக்கும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கீல் இடக்கைப் பக்கம் இருந்தால் இடக்கதவு. அமெரிக்க முறையில் வெளிப்புறத்தில் நின்று பார்க்கிறார்கள். கதவு உள்ளே தள்ளித் திறப்பதா, வெளியே இழுத்துத் திறப்பதா என்பதற்கு ஏற்ப ஒவ்வொரு கைக்கும் இன்னொரு வகையைச் சேர்த்து, மொத்தம் நான்கு பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

குழப்பமே இல்லாத வழி, கதவை மேலிருந்து பார்த்து அது மூடும் திசையைச் சொல்வது. கடிகாரச் சுற்றில் மூடுகிறதா, எதிர்ச்சுற்றில் மூடுகிறதா? இதற்கு எங்கே நிற்கிறோம் என்பது பொருட்டில்லை. கதவுகள், சன்னல்களின் மூடும் திசையையும் முகங்களையும் குறிக்க ஐஎஸ் 4043 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. பொருத்தும் குறிப்புத் தாளில் மேலிருந்து பார்க்கும் படம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். பாதிப் புகார்கள் வராது.

அச்சாணி நழுவுவது

கழற்றக்கூடிய அச்சாணிக்கு மேலே ஒரு தலை இருக்கும். தலை விளிம்பில் உட்காருவதால்தான் ஆணி கீழே விழாமல் நிற்கிறது. கீல் தலைகீழானால் தலை அடியில் போய்விடும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அன்றைக்கே விழாது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு இறங்கி, சில மாதங்களில் பாதி வெளியே தொங்கும்.

ஆணியை உருவி மறுமுனை வழியாகப் போடலாமே என்று தோன்றும். துளை இரு முனையிலும் ஒரே விட்டத்தில் ஊடுருவிச் சென்றால்தான் அது நடக்கும். அடிமுனைத் துளையை மூடியோ குறுக்கியோ விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். இரு முனையிலும் திருகிக் கழற்றும் ஒரே மாதிரியான மூடிகளைக் கொடுப்பது எனக்குப் பிடித்த தீர்வு. வெளிப்புறம் திறக்கும் கதவானால் திருடர் ஆணியைத் தட்டி எடுக்காதபடி பூட்டுத் திருகும் வேண்டும். அதை ஆணியைச் சுற்றி உருண்டிருக்கும் துண்டுகளில் நடுவில் உள்ளதில், கதவு மூடியிருக்கும்போது தகடுகளுக்குள் மறையும் பக்கத்தில் வையுங்கள். அந்த இடம் கீலைத் திருப்பினாலும் மறைவாகவே இருக்கும்.

வாஷர் எத்தனை, எங்கே?

இந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் கணக்கிடாமல் விடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அச்சாணியைச் சுற்றி உருண்டிருக்கும் துண்டுகளைக் கணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கீலில் ஐந்து கணுக்கள். மேலிருந்து ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவை நிலைத்தகட்டைச் சேர்ந்தவை. இரண்டும் நான்கும் கதவுத்தகட்டைச் சேர்ந்தவை. கணுக்களுக்கு இடையே நான்கு இடைவெளிகள் இருக்கின்றன. கதவின் எடை எங்கே இறங்குகிறது? கதவின் கணு தனக்குக் கீழே உள்ள நிலைக் கணுவின் மேல் உட்காருகிறது. அதாவது இரண்டாவது இடைவெளியிலும் நான்காவது இடைவெளியிலும்தான் உராய்வு. முதலாவதிலும் மூன்றாவதிலும் எடை ஏறுவதில்லை.

எனவே செலவைக் குறைக்க நினைப்பவர் இரண்டாவது, நான்காவது இடைவெளிகளில் மட்டும் உராய்வைக் குறைக்கும் வாஷரோ பேரிங்கோ வைக்கிறார். இடக்கதவில் சோதிக்கும்போது கீல் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. வலக்கதவுக்கு அதே கீலைத் தலைகீழாக்கியதும், எடை தாங்கும் இடைவெளிகள் முன்பு முதலாவதும் மூன்றாவதுமாக இருந்தவை. அங்கே வாஷர் இல்லை. உலோகத்தின் மேல் உலோகம் உரசுகிறது. முனகல் தொடங்குகிறது, கரிப்பொடி உதிர்கிறது, கதவு சிறிது சிறிதாக இறங்கித் தரையைத் தொடுகிறது. தலைகீழாக்காமல் தகடுகளை மட்டும் இடம் மாற்றி, மூன்று கணு உள்ளதைக் கதவில் அடித்தாலும் இதே கதைதான்.

இருபுறமும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிடுகிற கீலில் நான்கு இடைவெளிக்கும் வாஷர் வேண்டும். கடைகளில் இரண்டு பேரிங் கீல், நான்கு பேரிங் கீல் என இரண்டும் விற்பார்கள். இரண்டு பேரிங் உள்ளதில் அவை முதலாவது, நான்காவது இடைவெளிகளில் மேல்கீழ் சமமாக இருந்தால், எப்படித் திருப்பினாலும் ஒன்றாவது எடைக்கு அடியில் வரும். கனமான தேக்குக் கதவுக்கு அந்த ஒன்று போதாது.

கணுக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில் வைத்தால், மேல்முனைக் கணு ஒரு தகட்டையும் கீழ்முனைக் கணு இன்னொரு தகட்டையும் சேர்ந்ததாகிவிடும். திருப்பியதும் எடை தாங்கும் முறையே மாறிவிடும்.

திருப்பவே முடியாத வகைகள்

கதவைத் தூக்கினாலே கழன்று வரும் இரு கணுக் கீலை எடுத்துக்கொள்வோம். நிலையில் உள்ள கீழ்க் கணுவில் ஆணி மேல்நோக்கி நிற்கிறது. கதவின் குழல் அதன்மேல் வந்து உட்காருகிறது. தலைகீழாக்கினால் ஆணி கீழ்நோக்கும், கதவு நழுவி விழும். தலைகீழாக்காமல் தகடுகளை மாற்றினால் ஆணி கதவிலும் குழல் நிலையிலும் போய்விடும், அப்போதும் கதவு விழும். இதனால்தான் இவ்வகைக் கீலை இடம், வலம் என்று பிரித்து விற்கிறார்கள்.

திறக்கும்போது கதவு மேலே ஏறி, விட்டால் தன் எடையாலேயே இறங்கி மூடும் கீல் இன்னும் கடினம். அதன் கணுக்கள் நேராக வெட்டப்படாமல் திருகுச் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். வலமரை போட்ட போல்ட்டை எப்படித் தலைகீழாகப் பிடித்தாலும் வலமரையாகவே இருக்கும். அதுபோல் இந்தச் சரிவின் சுற்றும் மாறாது. திருப்பி மாட்டினால் திறக்கும்போது கதவு இறங்கித் தரையில் மோதும். "ஏறும் கீல், இருபுறமும் பொருந்தும்" என்று ஒருவர் கேட்டால், சரிவு வெட்டிய துண்டைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்து, பெட்டியில் இரண்டு துண்டுகளையும் வைத்துக் கொடுப்பதுதான் நேர்மையான வழி. தானாக மூடும் பல ஃபிரிட்ஜ் கதவுகளிலும் திறக்கும் பக்கத்தை மாற்றும்போது அடியிலுள்ள சரிவுத் துண்டை மாற்றச் சொல்வது இதற்காகவே.

துளைகளும் சாய்குழிகளும்

"இருபுறமும் பொருந்த வேண்டும், எனவே தகட்டின் இரு முகத்திலும் சாய்குழி போடு" என்பது பார்த்த மாத்திரத்தில் சரி என்று படும் தவறு. சாய்குழி என்பது திருகின் தலை தகட்டோடு சமமாக அமரக் குடையும் சரிவுக் குழி. பட் கீலைத் தலைகீழாக்கும்போது தகடுகளின் உள்முகம் உள்முகமாகவே இருக்கிறது. இரண்டாவது சாய்குழிக்கு வேலையே இல்லை. தகடு பலவீனமாவதுதான் மிச்சம். 5 மி.மீ. சாய்தலைத் திருகின் தலை ஏறக்குறைய 2.7 மி.மீ. ஆழம் கேட்கும். 3 மி.மீ. தகட்டில் இரு பக்கமும் அப்படிக் குடைந்தால் குழிகள் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், 5 மி.மீ. திருகு போகும் இடத்தில் 6 மி.மீ.-க்கும் அகலமான, கத்தி விளிம்பு போன்ற துளைதான் எஞ்சும்.

இரு முகச் சாய்குழி உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: அலமாரி, மின்பெட்டி போன்றவற்றின் முகப்பில் தட்டையாகத் திருகும் கழற்று கீல். அதைத் தலைகீழாக்காமல் முன்பின்னாகப் புரட்டினால் ஆணி மேல்நோக்கியே நிற்கும், தகடுகள் மட்டும் இடம் மாறும். குழல் இரு முகத்திலும் சமமாகப் புடைத்திருக்க வேண்டும். தகட்டைத் தடிப்பாக்குங்கள், அல்லது சாய்தலையே இல்லாத திருகுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

துளைகளின் அமைப்பு கீலின் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மரநிலையானால் தச்சர் புதிதாகத் துளை போட்டுச் சமாளித்துவிடுவார். தொழிற்சாலையிலேயே மரை வெட்டி வரும் இரும்பு நிலையில் சமாளிக்க வழியில்லை. துளைகளை ஏறுமாறாக வைப்பது மரம் பிளக்காமல் இருக்க நல்லதுதான். அந்த ஏறுமாறும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றுக்கொன்று பிரதிபலிப்பாக இருக்கட்டும்.

மழையும் எண்ணெயும்

வெளிவாசல் கீலில் மேல்முனை மூடியும் கீழ்முனை திறந்தும் இருந்தால் நீர் வடியும். திருப்பினால் அதே குழல் மழைநீரைப் பிடித்து வைக்கும் கிண்ணமாகி உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரு முனைக்கும் மூடி போட்டு, இரு முனைக்கும் அருகே பக்கவாட்டில் சிறு வடிதுளை கொடுங்கள். மெதுவாக மூடுவதற்கு எண்ணெய் அறை உள்ள கீலில், அறைக்குள் சிறிது காற்று இருந்தாலும் திருப்பியதும் அது மறுமுனைக்கு ஏறிவிடும். தடுப்பு விசை தொடக்கத்தில் இல்லாமல் கதவு படீரென்று அடிக்கும்.

கீலோடு முடிவதில்லை

கீல் சரியாக அமைந்தும் கதவு பொருந்தாமல் போகலாம். ஒரே கதவுப் பலகையைத் தலைகீழாக்கி மறுபக்கம் தொங்கவிடுவதாக இருந்தால், மேல்கீலும் கீழ்கீலும் முனைகளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனில் மேலே 150 மி.மீ., கீழே 225 மி.மீ. விடுவது வழக்கம். அந்த அளவில் பள்ளம் வெட்டிய கதவைத் தலைகீழாக்கினால் நிலையின் பள்ளத்தோடு 75 மி.மீ. தவறும். சாவித்துளையும் தலைகீழாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேல்கீலையும் கீழ்கீலையும் வெவ்வேறு வலுவில் செய்வதும் ஆபத்து. 40 கிலோ எடையும் 900 மி.மீ. அகலமும் உள்ள கதவில் கீல்கள் 1600 மி.மீ. இடைவெளியில் இருந்தால், மேல்கீலை நிலையிலிருந்து பிடுங்கும் விசை சுமார் 11 கிலோ. அதே அளவு விசை கீழ்கீலை நிலைக்குள் அழுத்தும். அழுத்தத்துக்காகச் சிறிய திருகுகளோடு செய்த கீழ்கீல், கதவு தலைகீழானதும் இழுப்பைத் தாங்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறது.

சோதனை

உருவாக்கும் முன்பே செலவில்லாமல் பலவற்றைப் பிடித்துவிடலாம். கீலின் முகப்பு வரைபடத்தை ஊடுதாளில் நகலெடுத்து, அசலின் மேல் வைத்து 180 பாகை சுழற்றுங்கள். தாளைப் புரட்டக் கூடாது, சுழற்ற மட்டும் வேண்டும். எந்தக் கணு எந்தத் தகட்டோடு சேருகிறது என்பது தவிர மற்றக் கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விழாத கோடு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். கணினியில் வரைபவர்கள் இங்கே பிரதிபலிப்புக் கட்டளையைப் பயன்படுத்திவிடுகிறார்கள். கண்ணாடிப் பிம்பம் இன்னொரு கீல். கையில் உள்ள உலோகத்தைச் சுழற்றத்தான் முடியும், பிம்பமாக்க முடியாது. ஏறும் கீல் திரையில் எல்லாக் கதவுக்கும் பொருந்துவதாகத் தெரிவது இந்தக் கட்டளையால்தான்.

பிறகு உழைப்புச் சோதனை. ஐரோப்பியத் தரநிலை இஎன் 1935, கீலின் தரத்துக்கு ஏற்ப 10,000 முதல் 2,00,000 முறை வரை திறந்து மூடிப் பார்க்கச் சொல்கிறது. எந்த எண்ணிக்கையைத் தேர்ந்தாலும், மாதிரிகளில் பாதியைக் கடிகாரச் சுற்றில் மூடும் கதவிலும் மீதியை எதிர்ச்சுற்றில் மூடும் கதவிலும் முழு எடையோடு மாட்டுங்கள். முடிந்ததும் கீல்களைப் பிரித்து, நான்கு வாஷர்களின் தடிமனையும் அளந்து இரு வரிசைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு வரிசையில் தேய்மானம் கூடுதலாக இருந்தால், இடைவெளிகளின் அளவிலோ வாஷர்களின் தரத்திலோ மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு இருக்கிறது என்று அர்த்தம். அதைத் திருத்திய பிறகே உற்பத்திக்கு அனுப்பலாம்.