உப்புக்காற்று தின்ற ஏசி போர்டை மீட்பது எப்படி

தம்பி ஏணி ஏறுவான், நான் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். எங்கள் ஏசி ரிப்பேர் தொழிலை இப்படித்தான் பிரித்துக்கொண்டோம். கேஸ் ஏற்றுவது, பைப் மாற்றுவது, சர்வீஸ் எல்லாம் அவன் பாடு. ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டுகளைக் கழற்றி, ஒரு பழைய பெயின்ட் வாளியில் போட்டு, குமரி மாவட்டத்துக் கருங்கல் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவான். "எக்கா, இது செத்துப்போச்சு. புதுசு வாங்கச் சொல்லிரவா?" என்பான். நான் கோணம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவள். செத்ததா மயங்கிக் கிடக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் போர்டுக்கும் சாவோலை எழுத மாட்டேன்.

பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஸ்பிளிட் ஏசிக்குக் கம்பெனி போர்டு கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை கேட்டால் ஏசியையே மாற்றிவிடலாம் என்று தோன்றும். அதனால்தான் இதை எழுதுகிறேன். சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, மீட்டரில் வோல்ட்டும் ஓமும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. அது தெரியாதவர்கள் படிக்கலாம், மூடியைத் திறக்க வேண்டாம்.

போர்டைக் கழற்றும் முன் ஒரு விஷயம். "போர்டு போச்சு" என்று வருவதில் நிறைய போர்டுக்கு ஒன்றுமே இருக்காது. ஃபேன் ஓடுகிறது, அவுட்டோர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் முதலில் கம்ப்ரசர் கப்பாசிட்டரைப் பாருங்கள். 50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும், மீட்டரில் 38 காட்டும். அதை மாற்றினால் வேலை முடிந்தது. ரிமோட் வேலை செய்கிறதா என்று செல்போன் கேமராவில் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டனை அழுத்தினால் நுனியில் வெளிச்சம் தெரிய வேண்டும். இவ்வளவும் சரி என்றால் ஏசி லைனின் டிரிப் ஸ்விட்ச்சான எம்.சி.பி.யை இறக்கி, லைனில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கனெக்டர்களைப் பல கோணத்தில் போட்டோ எடுத்து, அப்புறம் கழற்றுங்கள். போட்டோ எடுக்காமல் கழற்றி, ரூம் சென்சரையும் காயில் சென்சரையும் மாற்றிக் குத்திய கதை எங்கள் வீட்டிலேயே உண்டு.

மின்சாரத்தை நிறுத்தினாலும் போர்டு கடிக்கும். 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை டயோடு டி.சி.யாக மாற்றும்போது பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட் பக்கம் டி.சி. ஏறுகிறது. நல்ல போர்டு அதைத் தானே தின்று தீர்த்துவிடும். பவர் சப்ளை செத்த போர்டில் தின்ன ஆளில்லை, சார்ஜ் அப்படியே நிற்கும். அதனால் ஓடுகிற போர்டை விடச் செத்த போர்டுக்குத்தான் நான் பயப்படுவேன். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்வது வீரம் இல்லை. ஒரு குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு வயர் கட்டி, கப்பாசிட்டர் கால்களில் சில நொடி வைத்து எடுங்கள். பிறகு மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பாருங்கள். சில போர்டுகளில் 5 வோல்ட் பக்கத்தின் கிரவுண்டே மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். ஆகவே பவர் கொடுத்திருக்கும்போது சின்ன வோல்ட் பக்கம்தானே என்று விரல் வைக்க வேண்டாம்.

இனி கழுவும் வேலை. இதை நான் ரிப்பேருக்கு முன்னால் செய்வதற்குக் காரணம் இந்த ஊர். குளச்சல், குறும்பனை, மிடாலம், முட்டம் பக்கத்திலிருந்து வரும் போர்டைக் கையில் எடுத்தாலே தெரியும்: கால்களில் பச்சைக் களிம்பு, ஐ.சி.க்கு அடியில் வெள்ளைப் பொடி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் ஊறிய காற்று அந்த உப்பில் பட்டால், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். பகலில் ஒழுங்காக ஓடுகிற ஏசி நடுராத்திரி தானே 'பீப்' அடித்து நிற்பது, தானே ஆனாவது எல்லாம் பேய் வேலை இல்லை, இந்தக் கசிவுதான். காய்ந்ததும் பழுது ஒளிந்துகொள்ளும். தக்கலை, குலசேகரம் பக்கத்துப் போர்டுகளில் இது அபூர்வம், அங்கே இடிதான் வில்லன்.

எல்லாரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்வார்கள். நானும் பல நாள் அதைத்தான் செய்தேன். துடைத்து அனுப்பிய போர்டு இரண்டு மழைக்குள் திரும்பி வரும். ஏனென்றால் உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். இப்போது முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைத் தொட்டு, மெல்லிய டூத்பிரஷால் ஐ.சி. கால்களின் இடுக்கு வரை தேய்ப்பேன். பஸ்ஸருக்குள்ளும் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளும், மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்சான ரிலே மூடாமல் இருந்தால் அதற்குள்ளும் தண்ணீர் போகக்கூடாது. அப்புறம் ஆல்கஹால், அது மிச்சத் தண்ணீரைத் துரத்திவிடும். வெயில் இருந்தால் மொட்டை மாடியில் ஒரு பகல் வைத்தால் போதும். மழைக்காலத்தில் தெர்மாகோல் பெட்டிக்குள் 40 வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, போர்டைச் சற்றுத் தள்ளி வைத்து ஒரு ராத்திரி விடுவேன். மீன் வந்த பெட்டி வேண்டாம், ஒருமுறை அப்படிச் செய்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காய்ந்த போர்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதுதான் பாதி ரிப்பேர். ரிலே கால்களையும் பெரிய கனெக்டர் கால்களையும் பாருங்கள். காலைச் சுற்றி மோதிரம் போட்டது போல மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அது டிரை சோல்டர், அதாவது பிடி விட்ட ஈயம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், மேலே மேலே ஈயத்தை அப்புவது பிரயோஜனம் இல்லை. கப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பு நீர் கசிந்ததா என்றும் பாருங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் அதன் முகத்தைப் படிக்கலாம். உள்ளே கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் வயதாகிப் போயிருக்கலாம். கண்ணாடி கறுத்து வெள்ளி பூசியது போல ஆகியிருந்தால் பின்னால் ஷார்ட் இருக்கிறது. பக்கத்தில் நீல வட்டமாக, அதிக வோல்ட் வந்தால் அதைத் தான் வாங்கிக்கொள்ளும் ஒரு வேரிஸ்டர் நிற்கும், பெரும்பாலும் 471 என்று அச்சடித்திருக்கும். ஏப்ரல், மே மாதத்துச் சாயங்கால இடி, இல்லையென்றால் போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்தது, இரண்டில் எது வந்தாலும் அது வெடித்துச் சாகும். ஃபியூஸையும் இழுத்துக்கொண்டு போகும். ஃபியூஸை மட்டும் மாற்றி, வெடித்த வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு "ஓடுது பார்" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. ஓடும், அடுத்த இடி வரை. இரண்டையும் மாற்றுங்கள். 3.15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 3.15தான், வயர் சுற்றி ஈயத்தால் பத்த வைத்தால் பிறகு தாமிரப் பாதையே எரியும்.

மூன்று வருடத்துக்கு முன் மண்டைக்காட்டிலிருந்து ஒரு போர்டு வந்தது. ஃபியூஸ் புதிது, வேரிஸ்டர் புதிது, போட்டதும் ஃபியூஸ் போகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேரிஸ்டருக்குப் பின்னால் ஒரு பல்லியின் கால் மட்டும் ஒட்டியிருந்தது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் படுத்து அது போய்ச் சேர்ந்திருக்கிறது. எரிந்த இடத்தில் போர்டு கரியாகியிருந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறந்துவிட்டால் இந்தப் பழுது கிடைக்கவே கிடைக்காது. பிளேடு நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன், கறுப்பு போய்ப் பழுப்பு, பழுப்பு போய் வெளிர் நார் தெரியும் வரை. கடைசியில் போர்டில் ஒரு சின்னக் குழி. அறுந்த பாதைக்கு மேலே தடித்த வயர் ஒன்றை வைத்துப் பத்தவைத்தேன். இன்றைக்கும் ஓடுகிறது.

பவர் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்க வேண்டாம். சீரீஸ் பல்பு வழியாகக் கொடுங்கள்: லைன் வயர் போர்டுக்குப் போகும் வழியில் தொடராக 60 வாட்ஸ் குண்டு பல்பு, மோட்டார், கம்ப்ரசர் எதுவும் இணைக்காமல் போர்டு மட்டும். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாக நின்று எரிந்தால் ஷார்ட். நிறுத்திவிட்டு, சார்ஜை இறக்கிவிட்டு, டயோடு மோடில் நான்கு டயோடையும் பாருங்கள், ஒரு பக்கம் 0.5, 0.6, மறுபக்கம் ஒன்றும் காட்டக்கூடாது. அப்புறம் பவர் சப்ளையை ஓட்டும் ஸ்விட்ச்சிங் ஐ.சி.யைப் பாருங்கள்.

பல்பு அணைந்தது, ஆனால் போர்டு பேசவில்லை. இப்போது வோல்ட்டைத் தேடிப் போக வேண்டும், ஆற்றில் தண்ணீர் எந்த மடையில் நின்றது என்று பார்ப்பது போல. பெரிய கப்பாசிட்டரில் 320 பக்கம் இருக்கிறதா? இருந்தும் 12 வோல்ட் வரவில்லை என்றால், ஐ.சி.க்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன கப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். 50 வோல்ட், பத்து முதல் 47 மைக்ரோ வரைக்கும் இருக்கும், சூட்டில் காய்ந்து போவது அதன் தலையெழுத்து. 12 வருகிறது, ஆனால் 9 ஆக இறங்கி ரிலே 'டிக் டிக் டிக்' என்று பல்லைக் கடிக்கிறது என்றால் 12 வோல்ட் அவுட்புட் பக்கத்து 1000 மைக்ரோ கப்பாசிட்டர். வாங்கும்போது 105 டிகிரி என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள், 85 டிகிரி வேண்டாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மாடல் என்றால் பிரைமரியில் சில நூறு ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே உள்ள வெப்ப ஃபியூஸோ கம்பிச்சுற்றோ அறுந்துவிட்டது, டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதுதான் வழி. 12க்கு அப்புறம் அதை 5 வோல்ட்டாக்கும் 7805 என்ற ஐ.சி., அதன் மூன்றாம் காலில் 5 வோல்ட் வர வேண்டும்.

5 வோல்ட்டும் இருக்கிறது, ரிலே 'டக்' என்று இழுக்கவில்லையா? ரிலேக்களை இயக்கும் ULN2003 என்று பதினாறு கால் ஐ.சி. ஒன்று இருக்கும், அதை நாங்கள் யு.எல்.என். என்போம். கம்ப்ரசர் ரிலேக்குப் போகும் அதன் அவுட்புட் காலை, எட்டாம் காலான கிரவுண்டோடு ஒரு கணம் சேர்த்துப் பாருங்கள். 'டக்' என்றால் ரிலே நன்றாக இருக்கிறது. இன்புட் காலில் 5 வந்தும் அவுட்புட் இறங்கவில்லையென்றால் யு.எல்.என். போச்சு, விலை சில்லறைக் காசு. இன்புட்டிலேயே 5 வரவில்லையென்றால் போர்டின் மூளையான மைக்ரோ கன்ட்ரோலர்தான் ஆன் செய்ய மறுக்கிறது. அதை உடனே குற்றம் சொல்ல வேண்டாம், பெரும்பாலும் சென்சர் அதனிடம் பொய் சொல்லியிருக்கும்.

சென்சர் விஷயம் எனக்குப் பிடித்தது. நிறைய ஏசிகளில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டர்தான், சிலவற்றில் 5. சூடானால் ஓம் குறையும், 30 டிகிரியில் 8 கிலோ பக்கம் வரும். குளச்சலில் ஒரு டீச்சர் வீட்டு ஏசியில் ஃபேன் மட்டும் ஓடும், கம்ப்ரசர் ஏறாது. சென்சரைத் தனியே அளந்தால் 8 கிலோ, சரிதான். கனெக்டரோடு சேர்த்து அளந்தால் 22 கிலோ. பின்னில் ஏறிய பச்சைக் களிம்புதான் மிச்ச 14 கிலோ. 22 கிலோ என்றால் போர்டின் கணக்கில் அறை 8 டிகிரி! மே மாதத்துக் குளச்சலில் வெளியே நின்றால் தோல் உரியும், போர்டோ போர்வை தேடிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் எப்படி ஏறும்? கனெக்டரை வெட்டி எறிந்து, வயரை நேராகப் பத்தவைத்து, ஸ்லீவ் போட்டேன். பொருள் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உப்பு இதற்கு நேர் எதிராகவும் விளையாடும். இரண்டு பின்னுக்கும் நடுவில் ஈரம் கசிந்தால் ஓம் குறைந்து, அறை எப்போதும் சூடு என்று போர்டு நம்பும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். காயில் சென்சரில் அது நடந்தால் ஐஸ் கட்டி, காலையில் கட்டில் மேல் தண்ணீர் சொட்டும்.

இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் போர்டு வேறு சாதி. 450 வோல்ட் கப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கும், நிறுத்திப் பல நிமிடம் ஆனாலும் சார்ஜ் இருக்கும். கம்ப்ரசரை ஓட்டும் பவர் மாட்யூலில் யு, வி, டபிள்யூ கால்களை டயோடு மோடில் பார்த்து ஏதாவது ஒன்று பூஜ்யம் காட்டினால் மாட்யூல் ஷார்ட், அத்தோடு நானே பல நேரம் கும்பிடு போட்டுவிடுவேன். அதில் கை பழகாதவர்கள் என்னைவிட முன்னாலேயே கும்பிடு போடலாம். பழைய சாதா ஏசியில் மைக்ரோ கன்ட்ரோலரே போயிருந்தால், ரிமோட்டோடு வரும் யுனிவர்சல் போர்டு போட்டுவிடுவது நல்லது. அறையைச் சூடாக்கும் ஹீட் வசதிக்கு அதில் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், குமரி மாவட்டத்தில் அது யாருக்கு?

எல்லாம் சரியான பிறகு பூச்சு. அக்ரிலிக் கன்ஃபார்மல் ஸ்ப்ரே, மெல்லியதாக இரண்டு தடவை. கனெக்டர், ரிமோட் சிக்னல் வாங்கும் கண், மூடாத ரிலே ஆகியவற்றுக்கு மேல் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். ஈரமோ உப்போ இருக்கும்போது பூசினால் திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போல. ஆரம்பத்தில் ஸ்ப்ரே வாங்கக் காசில்லாமல் நெயில் பாலிஷ் தடவியிருக்கிறேன், சின்ன இடத்துக்கு அது தாங்கும். பாத்ரூமுக்கு அடிக்கும் சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். காயும்போது வினிகர் வாடை வருகிற வகை, அந்த அமிலமே தாமிரத்தைத் தின்றுவிடும். நல்ல எண்ணத்தில் யாரோ போர்டு முழுக்க அப்பிய ஒன்று என்னிடம் வந்தது. உரித்துப் பார்த்தால் அடியில் பாசி பிடித்த குளம்.

திரும்ப மாட்டும்போது தம்பிக்கு மூன்று விஷயம் சொல்லி அனுப்புவேன். பைப் நுழையும் ஓட்டையைப் புட்டி வைத்து அடை, பல்லியும் எறும்பும் அதன் வழியாகத்தான் வரும். வயர் போர்டுக்குள் ஏறும் முன் கீழே ஒரு வளைவு விடு, வழியும் தண்ணீர் அங்கே சொட்டட்டும். ஓடவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே இரு, நிறுத்தி எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ரிலே பக்கத்துக் கனெக்டரைத் தொட்டுப் பார், கை பொறுக்காத சூடு என்றால் போர்டைத் திரும்பக் கொண்டு வா. வீட்டுக்காரர் கொடுக்கும் சுக்குக்காப்பியைக் குடித்துவிட்டு அரை மணியில் கிளம்பிவிடுவான் என்பது எனக்குத் தெரியும், அதனால் கனெக்டரைப் போட்டோ எடுத்து நேரத்தோடு அனுப்பச் சொல்கிறேன்.