ரசாயனப் புகை: ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போடுவது எப்படி?

மேடையில் விடும் புகையும், பயிற்சிக்குக் கொளுத்தும் புகைக்குண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைதான். நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றல்ல. அதனால் அடர்த்தியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 1: என்ன புகை?

விற்றவரிடம் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். 16 பிரிவுகளில் 3-ல் கலவை, 8-ல் பணியிட வரம்பு இருக்கும். கொளுத்தும் பொருளென்றால், எரியும்போது என்ன வெளிவரும் என்று சொல்லும் 5, 10 இரண்டையும் விடாமல் படியுங்கள். டப்பாவில் இருப்பது ஒன்று, மூச்சில் போவது வேறு. ஹெக்சாகுளோரோஈத்தேன் புகைக்குண்டில் அதோடு துத்தநாக ஆக்சைடும் அலுமினியமும் இருக்கும். எரிந்தால் வருவது துத்தநாக குளோரைடு. ஈரம் பட்டதும் அரிக்கும். மேடைப் புகை இயந்திரத்தில் பெரும்பாலும் கிளைக்கால் (glycol) என்ற திரவமோ கிளிசரினோ தண்ணீரில் கலந்திருக்கும்.

படி 2: காற்றில் எவ்வளவு?

அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்குங்கள். 10 × 8 × 5 மீட்டர் என்றால் 400 கன மீட்டர். புகையாகும் பொருளின் எடையை அதனால் வகுங்கள். 8 கிராம் கிளைக்கால் என்றால் கன மீட்டருக்கு 20 மி.கி. மேடைத் தொழிலுக்கான அமெரிக்கத் தரநிலை வரம்பு உச்சத்தில் 40, எட்டு மணி நேரச் சராசரியில் 10. சில நிமிடக் காட்சிக்குப் பரவாயில்லை, நாள் முழுக்க அதே அளவு என்றால் கூடாது.

அதே அறையில் 100 கிராம் துத்தநாக குளோரைடு பரவினால் கன மீட்டருக்கு 250 மி.கி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்திருக்கும் அளவே 50தான்! மூடிய இடத்தில் இந்தக் குண்டைக் கொளுத்தவே கூடாது. இதற்கு மேல் கணக்கு தேவையில்லை.

புகை எங்கும் சமமாகப் பரவும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. குழாய் வாய்க்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அளவு கூடும்.

உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, தனி ரகம். வெண்புகை கலைந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடு தரையோரம் தேங்கி நிற்கும். குழந்தைகளை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

படி 3: யார், எவ்வளவு நேரம்?

பார்வையாளரைவிடத் தினமும் ஒத்திகையில் நிற்பவருக்கே கவலை அதிகம். ஆஸ்துமா உள்ளவருக்கு வரம்புக்குள் இருந்தாலும் இழுப்பு வரலாம். பணியிட வரம்புகள் ஆரோக்கியமான பெரியவர்களை மனதில் வைத்தவை.

படி 4: பிறகு கவனியுங்கள்

துத்தநாக குளோரைடு புகையைச் சுவாசித்தவர் முதலில் லேசாக இருமிவிட்டு நன்றாகவே நடமாடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். மூச்சுத் திணறும்வரை காத்திருக்காமல், தரவுத்தாளோடு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.