நெரிசல் மிகுந்த ரயில் நிலையத்தைக் கொண்டு ஒரு நகரத்தை அறிவது எப்படி?

ஒரு நகரத்தில் புதிதாகக் குடியேறுபவர், அங்கே கடையோ அலுவலகமோ திறக்க இடம் தேடுபவர், நகரமைப்பு படிக்கும் மாணவர் ஆகிய மூவருக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்நகரத்தில் எந்த ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதுகிறதோ, அங்கே முதலில் இரண்டு நாள்களைச் செலவிடுங்கள். வேலை எந்த நேரத்தில் தொடங்குகிறது, எந்தத் தெருவில் வாடகை ஏறுகிறது, இரவு எத்தனை மணிக்கு அடங்குகிறது என்பவற்றையெல்லாம் அங்கே நேரில் காணலாம். தேவைப்படுபவை ஒரு வரைபடம், ஒரு குறிப்பேடு, ஒரு கைக்கடிகாரம், நடப்பதற்கு ஏற்ற செருப்பு ஆகியவை மட்டுமே. முகப்பின் கோபுரத்தையும் வளைவுகளையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட வேண்டாம். நிலையம் நகரத்தின் மீது செலுத்தும் ஆட்சி, பயணி வெளிவாயிலைத் தாண்டி நடக்கத் தொடங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் ஒரு வேலை இருக்கிறது. நிலையம் பழைய நகரத்தின் நடுவில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்று பாருங்கள்; தண்டவாளங்கள் அங்கே முடிகின்றனவா, ஊடுருவிச் செல்கின்றனவா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இலண்டனில் 1846ஆம் ஆண்டு அமைந்த அரச ஆணையம், ரயில் பாதைகள் நகரின் மையப் பகுதிக்குள் நுழைவதை ஏற்கவில்லை. ஆணையத்துக்கு முன்பே 1837இல் எழுந்திருந்த யூஸ்டனை அடுத்து, கிங்ஸ் கிராஸ் (1852), செயின்ட் பாங்க்ராஸ் (1868) ஆகிய முனையங்களும் அக்காலத்து நகரின் வடக்கு விளிம்பில், ஒரே சாலையின் ஓரமாக வரிசையாக நிற்பதற்குப் பின்னணி இதுவே. இறங்கியவர்கள் உள்நகருக்குச் செல்ல வேறு வழி வேண்டியிருந்தது. 1863இல் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை திறக்கப்பட்ட உலகின் முதல் சுரங்க ரயில்பாதை அந்தத் தேவைக்குப் பிறந்தது. வரைபடத்தில் நிலையத்துக்கும் பழைய சந்தைக்கும் இடையில் ஒரு வெற்றிடம் தெரிந்தால், அதை நிரப்பியது எது என்று தேடுங்கள். டிராம் வண்டியோ, பேருந்து நிறுத்தமோ, அகலமான புதுச் சாலையோ, ஏதோ ஒன்று நிச்சயம் அங்கே இருக்கும்.

நிலையத்துக்கு ஒருமுறை சென்றால் போதாது. நான்கு வேளைகளில் செல்ல வேண்டும். விடியற்காலையில் முதல் வண்டி வரும் வேளை, காலை நெரிசல், நண்பகல், இரவில் கடைசி வண்டி புறப்படும் வேளை ஆகியவை அந்த நான்கு. முதல் வண்டியில் வந்து இறங்குபவர்களைக் கவனித்தால், துப்புரவுப் பணியாளர், செவிலியர், காவலாளி என, பிறர் விழித்தெழும் முன்பே நகரத்தை ஆயத்தப்படுத்துபவர்கள் யாவர் என்பது விளங்கும். கடைசி வண்டி அதைவிடவும் சுவையானது. தோக்கியோவில் பெரும்பாலான தடங்களில் நள்ளிரவை ஒட்டி வண்டிகள் நின்று, அதிகாலை ஐந்து மணி வாக்கில்தான் மீண்டும் தொடங்குகின்றன. அதனால் நிலையத்தை அடுத்த கேளிக்கைத் தெருக்களில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே எழுகிறார்கள். வண்டியைத் தவறவிட்டவர்கள் விடியும்வரை பொழுதுபோக்குவதற்கென்றே அங்கே விடியவிடியத் திறந்திருக்கும் கடைகளும் உண்டு. ஒரு நகரத்தின் இரவு எப்போது முடிகிறது என்பதைக் கால அட்டவணை தீர்மானிப்பதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயில் வருவதற்கு முன் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையே நண்பகலாகக் கொண்டிருந்தது. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இல் தன் நிலையங்கள் அனைத்திலும் இலண்டன் நேரத்தைப் பின்பற்றத் தொடங்கியது. அந்நாட்டுச் சட்டம் அதை ஏற்றது 1880இல்தான். அமெரிக்காவிலோ 1883 நவம்பர் 18 அன்று ரயில் நிறுவனங்களே நேர மண்டலங்களை வகுத்துக்கொண்டன, அவற்றுக்குச் சட்ட வடிவம் 1918இல்தான் கிடைத்தது. ஊர்க் கடிகாரத்தையே திருத்தியமைத்த ஓர் அமைப்பு, கடை திறக்கும் நேரத்தையும் பள்ளி விடும் நேரத்தையும் தன் போக்குக்கு வளைப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது எண்ணும் வேலை. இதைத்தான் பலர் சலிப்பென்று தவிர்க்கிறார்கள். என் கணிப்பில் இதுவே மிகுந்த பயன் தருவது. ஒரு வெளிவாயிலைத் தேர்ந்தெடுத்து, நடப்பவர்களுக்கு இடையூறு இல்லாத மூலையில் நின்று, வெளியேறுபவர்களையும் உள்ளே வருபவர்களையும் தனித்தனியே கோடு போட்டு எண்ணுங்கள். கூட்டம் ஒரே சீராக வராது. வண்டி வந்து நின்றதும் பொங்கி, பிறகு வடியும். எனவே ஐந்து நிமிடம் என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்கு வைக்காமல், ஒரு வண்டி வந்தது முதல் அடுத்த வண்டி வரும் வரையிலான முழுச் சுற்றையும் எண்ண வேண்டும். ஊழியர்கள் கேட்டால் என்ன செய்கிறீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்; அனுமதியில்லாத இடத்தில் படம் எடுக்க வேண்டாம்.

எண்ணிக்கையோடு வழியின் அகலத்தையும் காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் நடப்பவர்களுக்கு, ஒரு மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 பேர் நெருக்கியடிக்காமல் செல்லலாம். படிக்கட்டாயின் அது 35 அளவுக்குக் குறைந்துவிடும். இதைக் கொண்டு எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டியிலிருந்து 1,200 பேர் இறங்குகிறார்கள், மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரே படிக்கட்டுதான் இருக்கிறது என்றால், நிமிடத்துக்கு 105 பேர் வீதம் நடைமேடை காலியாகப் பதினொரு நிமிடத்துக்கு மேலாகும். அடுத்த வண்டி நான்கு நிமிடத்தில் வந்து நிற்குமாயின், அந்த நிலையத்தின் சிக்கல் ரயில்களின் எண்ணிக்கையில் இல்லை, படிக்கட்டில்தான் இருக்கிறது. கூடுதல் வண்டி விடுவது அங்கே நெரிசலைக் கூட்டவே செய்யும். நகரும் படிக்கட்டுகளிலும் நாம் நம்பும் வழக்கங்கள் பிழையாக இருக்கலாம். ஒரு பக்கம் நிற்பவர்களுக்கும் மறுபக்கம் ஏறி நடப்பவர்களுக்கும் என்பது இலண்டன் வழக்கம். ஹோல்போர்ன் நிலையத்தில் 2015இல் இரு பக்கமும் நிற்கச் செய்து பார்த்தபோது, மிக நீளமான அந்தப் படிக்கட்டில் ஏறி நடப்பவர்கள் சிலரே என்பதால், முன்னைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகமானோர் மேலே வந்து சேர்ந்தனர்.

நிலையம் நகரத்தை மாற்றுவது போலவே நகரமும் நிலையத்தை மீறி வளரும். மும்பையின் பரேல் பகுதியில் துணி ஆலைகள் மூடப்பட்டு, அந்த நிலங்களில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. நாள்தோறும் வந்து இறங்குபவர்கள் பெருகினார்கள், குறுகிய நடைமேம்பாலமோ பழையபடியே இருந்தது. 2017 செப்டம்பர் 29 அன்று காலை, மழைக்கு ஒதுங்கி நின்றவர்களோடு அடுத்தடுத்த வண்டிகளில் வந்தவர்களும் எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்துப் படிகளில் சேர்ந்துகொள்ள, நெரிசலில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே உங்கள் குறிப்பேட்டில், கட்டுமானத்தில் இருக்கும் புதிய அலுவலகங்களும் குடியிருப்புகளும் எந்த வாயிலை நோக்கி ஆள்களை அனுப்பப் போகின்றன என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இனி வெளியே நடக்க வேண்டும். ஒவ்வொரு வாயிலிலிருந்தும் பத்து நிமிடம் நடந்து, நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் நிலையத்திலிருந்து இத்தனை நிமிட நடை என்று குறிப்பிடும்போது, 80 மீட்டரை ஒரு நிமிடமாகக் கணக்கிட வேண்டும் என்பது விதி. அந்த அளவை நீங்களும் கைக்கொள்ளலாம். ஆனால் அதில் சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரம் சேராது. வரைபடத்தில் ஒரே தொலைவில் இருக்கும் இரு தெருக்களில், நான்கு வழிச் சாலையைத் தாண்டிப் போக வேண்டிய தெரு ஓய்ந்து கிடப்பதையும், தாண்டாமல் போகக்கூடிய தெரு களைகட்டியிருப்பதையும் அடிக்கடி காணலாம். முதல் இரண்டு நிமிடத் தொலைவில், யோசிக்காமல் வாங்கும் பொருள்களை விற்கும் சிறு கடைகள் நெருங்கி நிற்கும். அதற்கு அப்பால், மக்கள் தேடிச் செல்லும் மருத்துவர், தையல்காரர், பயிற்சி வகுப்பு போன்றவை வரும். பிறகு குடியிருப்பு தொடங்கும். இந்த வரிசை எங்கே உடைகிறதோ, அங்கே ஏன் என்று கேளுங்கள். வாடகை வீடு தேடுபவருக்கு ஒரு சொல்: விளம்பரத்தில் உள்ள நிமிடம் வாயில்வரைதான் வரும், நடைமேடையில் நீங்கள் ஏறும் பெட்டிவரை வராது. பெரிய நிலையங்களில் வாயிலிலிருந்து பெட்டிக்குச் செல்வதற்கே ஏழெட்டு நிமிடம் ஆகிவிடும்.

தண்டவாளத்தின் இரு பக்கங்களையும் ஒப்பிடாமல் திரும்பிவிடாதீர்கள். பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 35 லட்சம் பேர் பயன்படுத்திய, 200க்கும் மேற்பட்ட வாயில்களைக் கொண்ட தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையம் இதற்குச் சிறந்த பாடம். அதன் கிழக்கே கடைத்தெருக்களும் கேளிக்கைப் பகுதியும் வளர்ந்தன; மேற்கே இருந்த நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1965இல் மூடப்பட்டு, அந்த நிலத்தில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன, 1991இல் தோக்கியோ பெருநகர அரசின் தலைமையகமும் அங்கே வந்தது. ஒரே பெயர் கொண்ட நிலையத்தின் இரு பக்கமும் இரண்டு ஊர்களாயின. பயணச்சீட்டு இல்லாமல் நிலையத்தின் ஊடாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நேராக நடந்து செல்லும் அகலமான வழி 2020 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. உங்கள் நகரத்தில் இதை அளக்க, தண்டவாளத்தின் இருபுறமும் நேரெதிராக உள்ள இரண்டு கடைகளைத் தேர்ந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து பாருங்கள். நடந்த தொலைவு நேர்க்கோட்டுத் தொலைவைப்போல் நான்கைந்து மடங்கானால், அங்கே ரயில்பாதை ஒரு மதில். இரு பக்க வாடகைகளும் வேறுபடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிலம் யாருடையது என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. நியூயார்க்கில் 1902இல் புகை சூழ்ந்த சுரங்கத்தில் நிகழ்ந்த ரயில் மோதலில் 15 பேர் இறந்ததும், மன்ஹாட்டனில் நீராவி இழுவைக்குத் தடை வந்தது. பொறியாளர் வில்லியம் வில்கஸ், தண்டவாளங்களை மின்மயமாக்கிப் பூமிக்கடியில் இறக்கிவிட்டால் மேலே உள்ள வெளியைக் கட்டடங்களுக்கு விற்கலாம் என்று கண்டார். அந்த வருவாயை எதிர்பார்த்தே 1913இல் கிராண்ட் சென்ட்ரல் முனையம் எழுந்தது. பார்க் அவென்யூவின் விலையுயர்ந்த கட்டடங்கள் பல இன்றும் தண்டவாளங்களுக்கு மேல்தான் நிற்கின்றன. ஜப்பானில் ரயில் தொழிலதிபர் கோபயாஷி இச்சிசோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1910இல் ஒசாகாவின் உமேதாவிலிருந்து பாதை திறந்து, வழியெங்கும் வீடுகள் கட்டி விற்று, மறுகோடியில் கேளிக்கை மையம் அமைத்து, 1929இல் உமேதா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடியையும் திறந்தார். காலையில் நகரை நோக்கி நிரம்பி வரும் வண்டி, திரும்பும் திசையில் காலியாக ஓடக்கூடாது என்பதே அதில் பொதிந்திருந்த கணக்கு. நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களின் பெயர்ப்பலகைகளில் ரயில் நிறுவனத்தின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே, பயணக் கட்டணத்தால் வாழும் நிலையம் எது, நில வாடகையால் வாழும் நிலையம் எது என்பது ஓரளவுக்குப் புலப்படும்.

பயணம் செய்யாதவர்களும் நிலையத்தில் உண்டு. நண்பருக்காகக் காத்திருப்பவர், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கியவர், போக வேறிடம் இல்லாதவர் என நண்பகலில் அவர்கள் தெளிவாகத் தெரிவார்கள். இருக்கைகள் எத்தனை, கழிப்பறை பயணச்சீட்டுத் தடுப்புக் கதவுக்கு உள்ளேயா வெளியேயா என்று குறியுங்கள். இருக்கைகளை அகற்றினால் கூட்டம் குறையும் என்று நிர்வாகங்கள் எண்ணுவது தவறென்றே நான் கருதுகிறேன். உட்கார இடமில்லாதவர்கள் படிக்கட்டில்தான் உட்காருவார்கள், முன்பு சொன்ன படிக்கட்டுக் கணக்கு இன்னும் மோசமாகும்.

திரட்டியவற்றை ஒரே தாளில், வாயில்வாரியாக எழுதுங்கள்: எந்த வேளையில் எத்தனை பேர், வழியின் அகலம், பத்து நிமிட நடையில் கண்டவை, எதிர்ப்பக்கத்துக்குச் செல்ல ஆன நேரம். பிறகு அந்தத் தாளைப் பத்திரப்படுத்திவிட்டு, பராமரிப்புப் பணிக்காக ஏதேனும் ஒரு வாயில் சில வாரங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு வரும்வரை பொறுத்திருங்கள். அறிவிப்பு வந்ததும் அதே வேளையில் அதே மூலைக்குச் சென்று, மூடிய வாயிலுக்கு எதிரே உள்ள கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்துவிட்டு, பக்கத்து வாயிலில் மீண்டும் எண்ணத் தொடங்குங்கள்.