திருகோணமலைக்குப் போகிறீர்களா? குண்டு வெடித்த பிறகு வரும் நாட்களுக்கும் ஆயத்தமாகுங்கள்

விடுமுறைக்குத் திருகோணமலை வரும் ஒருவர் பயங்கரவாதத் தாக்குதலில் சிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வீதி விபத்துக்கும் கடலுக்கும்தான் முதலில் பயப்பட வேண்டும். ஆனாலும் இந்த ஊரின் வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: குண்டை விட, அதற்குப் பின்னால் வருவதுதான் அதிகம் பேரைப் பாதிக்கும். 2006 ஏப்ரல் 12இல் நகரச் சந்தையில் குண்டு வெடித்த சிறிது நேரத்துக்குள் கும்பல்கள் திரண்டு தமிழரைத் தாக்கின, கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தன. இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்று நடத்திய 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூன்று வாரம் கழித்து வடமேல் மாகாணத்தில், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சமூகங்களை மோத விடுவதே இத்தகைய தாக்குதலின் நோக்கம். அதனால் உறுதி செய்யாத வட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். பக்கத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கும் முஸ்லிம் மக்கள் நமது அயலவர்கள்.

தாக்குபவர்கள் கூட்டத்தையும் நேரத்தையும் பார்த்தே இடத்தைத் தேர்கிறார்கள். 2019இல் தேவாலயங்களில் உயிர்த்த ஞாயிறு ஆராதனை நேரம், கொழும்பு ஹோட்டல்களில் காலை உணவு நேரம். 2024 ஒக்டோபரில் அறுகம்பேக்கு அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கை, வெளிநாட்டுப் பயணிகள் கூடும் கடற்கரையைப் பற்றியது. அப்படி ஓர் எச்சரிக்கை வந்தால் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் சனம் நெரியும் மாலை நேரங்களைத் தவிர்க்கலாம். கோணேசர் கோவிலுக்குப் போகும் வீதி பிரெட்றிக் கோட்டை வாசலூடாகச் செல்வது. சிவராத்திரியன்று அங்கே பீதியில் சனம் ஓடினால் நெரிசலே ஆளைக் கொல்லும். முதியவரும் குழந்தைகளும் கூட வந்தால் அதிகாலையில் தரிசனத்தை முடித்துவிடுங்கள். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதைக் கோட்டைக்கு வெளியே ஓர் இடமாகச் சொல்லி வையுங்கள்.

வெடிச் சத்தம் கேட்டால் முதலில் நிலத்தில் குப்புறப் படுங்கள். சத்தம் எங்கே என்று யன்னலால் எட்டிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. உடைந்த கண்ணாடிதான் தூரத்தில் நிற்பவரையும் வெட்டும். பிறகு எழுந்து, சத்தம் வந்த பக்கத்துக்கு எதிர்த் திசையில் நடந்து விலகுங்கள். வேடிக்கை பார்க்க நிற்க வேண்டாம், ஏனென்றால் இரண்டாவது குண்டு அப்படிக் கூடுபவர்களுக்காக வைக்கப்படலாம். 2019இலும் காலையோடு முடியவில்லை, பிற்பகலில் தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் மீண்டும் வெடித்தன.

காயப்பட்டவருக்கு உதவ முடிந்தால் இரத்தத்தை நிறுத்துவதே முதல் வேலை. துவாயையோ சாறத்தையோ மடித்துக் காயத்தின் மேல் முழுப் பாரத்தோடு அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டில் படாமல், 4 செ.மீ.க்குக் குறையாத அகலத் துணியைக் கட்டி, முடிச்சில் தடி செருகி, இரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். நோகுது என்று கத்தினாலும் தளர்த்தக் கூடாது. கயிறும் வயரும் தசையை வெட்டும், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். குத்தி நிற்கும் கண்ணாடியை இழுத்தெடுக்காதீர்கள். வெளிக்காயமே இல்லாமல் வெடிப்புக்கு அருகில் இருந்தவருக்கும் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத் தெரியலாம். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

பிறகுதான் நீளமான பகுதி. 2019இல் ஊரடங்கு வந்தது, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்தால் வீட்டார் தவித்துப் போவார்கள். நெரிசலான வலையமைப்பில் அழைப்பு கிடைக்காதபோதும் சாதாரண எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும். ஆகவே உள்ளூர் சிம் எடுத்ததும், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரை எல்லோருக்கும் பொதுவான தகவல் ஆளாக வைத்து, அவருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். ஏரிஎம் இயங்காத மூன்று நாளுக்குப் போதுமான ரூபாய் நோட்டும், இரண்டு கிழமைக்கான மருந்தும் கைவசம் இருக்கட்டும். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க சுமார் 250 கி.மீ. தூரம். ஊரடங்கு நேரத்திலும் பயணச்சீட்டையும் கடவுச்சீட்டையும் காட்டுபவரை விமான நிலையம் போக விடுவது வழக்கம், ஆனால் சீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருங்கள். கனடாக்காரர் தங்கள் அரசின் வெளிநாட்டுப் பதிவிலும், சுவிஸ்காரர் டிரவல் அட்மின் செயலியிலும் முன்கூட்டியே பதியலாம். பயணக் காப்புறுதியில் பயங்கரவாதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று நிபந்தனைகளை வாசியுங்கள்.

சோதனைச் சாவடிகள் பெருகும் நாட்களில் கடற்படைத் தளம், சீனக்குடா விமானப்படைத் தளம், கோட்டைக்குள் இருக்கும் இராணுவப் பகுதி எதையும் படமெடுக்காதீர்கள். அனுமதியின்றி ட்ரோன் பறக்க விடாதீர்கள். புலிகளின் சின்னமோ கொடியோ போனில் இருந்தாலே சிக்கல் வரும். இலங்கை அரசு தடைப்பட்டியலில் போடும் புலம்பெயர் அமைப்புகள் 2014, 2021, 2022 ஆண்டுகளில் மாறி மாறி வந்துள்ளன, எனவே உங்கள் அமைப்பு இப்போது அதில் இருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பின்னும், வழக்குப் பதியாமலே 12 மாதம் வரை தடுத்து வைக்க இடமுண்டு. யாரையாவது கைது செய்தால் எந்தப் பொலிஸ் நிலையம், எந்த அதிகாரி என்பதைக் கேட்டு எழுதுங்கள், கைதுக்கான எழுத்துப் பத்திரத்தைக் குடும்பத்தார் கேட்க வேண்டும். விளங்காத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டாம், தமிழில் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவரை இலங்கையர் என்றே நடத்தக்கூடும் என்பதால், அவர்கள் சட்டத்தரணி ஒருவரின் எண்ணை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர எண் 1996.