கம்ப்ரஷன் குறைவா? எஞ்சினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரின் (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்) கயிறு இழுக்கும்போது லூசாக வருகிறதா? கைக்கணக்கை நம்பாமல் கம்ப்ரஷன் கேஜை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கருவி) போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் தண்ணீரில் வைத்து ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒயர்களை எஞ்சின் உலோகத்தில் எர்த் செய்துவிடுங்கள். பிளக் துவாரத்தில் பெட்ரோல் ஆவி வரும், ஒரு பொறி போதும். திராட்டிலை (வேகத்தைக் கூட்டும் கட்டுப்பாடு) முழுதாகத் திறந்து வையுங்கள். இதை மறந்துவிட்டு நல்ல எஞ்சினையே கெட்டுப்போனதாக முடிவுகட்டியவர்கள் உண்டு (நானும் ஒருமுறை). கேஜை ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் மாட்டி, அதன் முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். ஐந்தாறு இழுப்பு போதும்.

வரும் எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் பேசும். ஒன்று 120 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), இன்னொன்று 85 என்றால் சிக்கல் உறுதி.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். முள் நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கலாம். ஏறவே இல்லையா? ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம், அல்லது பிஸ்டனில் ஓட்டை. நல்லவேளை, இந்த எஞ்சின்களில் ஃபோர்-ஸ்ட்ரோக் போல வால்வுத் தொல்லை இல்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் அளவு குறையும். பிளக் துவாரம் வழியே டீகார்பன் ஸ்ப்ரே அடித்து, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் ஒருமுறை அளந்து பார்த்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.