சம்ப் ஒழுகுகிறதா? ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பழைய காரின் அடியில் எண்ணெய் சொட்டியிருப்பதைப் பார்த்ததும் கை நேராக ஸ்பேனருக்குத்தான் போகும். கீழே படுத்து, என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று இறுக்கிவிட்டு எழுந்து வருவோம். இரண்டு நாள் ஒழுகாது. அப்புறம் முன்பைவிட அதிகமாக ஒழுகும்.

காரணம் எளிது. பெரும்பாலான பழைய என்ஜின்களில் சம்ப் என்பது அச்சில் அழுத்தி எடுத்த மெல்லிய இரும்புத் தகடு. போல்ட்டை இறுக்க இறுக்க, துளையைச் சுற்றியுள்ள தகடு என்ஜினின் உடலான பிளாக்கை நோக்கிப் புடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும்; இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழும். சூடான எண்ணெய்க்கு அது போதும். 6 மி.மீ. போல்ட்டுக்கு வேண்டியது பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். கார்க் பேக்கிங் என்றால் அதற்கும் குறைவாக இருக்கலாம். சின்ன ராட்செட்டைக் கழுத்தருகே பிடித்து மணிக்கட்டை மட்டும் திருப்பினால் எவ்வளவு பலம் வருமோ, ஏறக்குறைய அவ்வளவு. முழங்கை அசைந்தால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒழுகுவது சம்ப்தானா? இதைப் பார்க்காமல் நான் ஒரு முறை சம்ப்பைக் கழற்றிப் புது பேக்கிங் போட்டு மாட்டினேன். மறுநாளும் சொட்டு. மறுபடி கழற்றினேன். மூன்றாம் முறை டார்ச்சோடு மேலே பார்த்தபோதுதான் தெரிந்தது, என்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்து கசிந்த எண்ணெய் பிளாக் வழியாக இறங்கி, சம்ப் விளிம்பில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து கசிந்தாலும் எண்ணெய் கடைசியில் வந்து நிற்கும் இடம் சம்ப்தான். டேப்பட் கவர், ஃபியூயல் பம்ப், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர் என்று சந்தேகப்பட வேண்டியவை எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கின்றன. என்ஜினைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னேயும் இருக்கிறதோ, அங்கிருந்து தேடுங்கள்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் ஈரம் என்றால் அது பெரும்பாலும் கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் பின்பக்க மெயின் சீலின் வேலை. பழைய பிரிட்டிஷ் என்ஜின்கள் சிலவற்றில் அங்கே உரசும் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்தியதும் ஒன்றிரண்டு சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம்.

என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் அடைத்திருந்தாலும் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. பிஸ்டனைத் தாண்டி வரும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால், அது எண்ணெயைக் கிடைத்த சந்தில் வெளியே தள்ளும். அதன் குழாயையும் வலையையும், அந்த வாயுவை மறுபடி என்ஜினுக்கே எரிக்க அனுப்பும் பிசிவி வால்வு இருந்தால் அதையும் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

சம்ப்தான் என்று உறுதியானால், எண்ணெயை வடித்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். கிராங்கிலிருந்து மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. கழற்றிய சம்ப்பின் விளிம்பில் நேரான ஸ்கேலை வைத்தால் துளைகள் மேடாக இருப்பது தெரியும். விளிம்பின் வெளிப்பக்கம் இரும்புக் கட்டையில் உட்காரும்படி வைத்து, பேக்கிங் படும் பக்கத்திலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள். பலர் தவிர்ப்பது இந்தப் பத்து நிமிட வேலையைத்தான். அலுமினிய சம்ப்பில் மட்டும் சுத்தியல் வேண்டாம்.

அடுத்தது சிலிகான் பசை. ஒரு டியூப் முழுவதையும் பிதுக்குபவர்கள் வெளியே வழிவதைத் துடைத்துவிடுகிறார்கள். உள்ளே வழிந்ததை யார் துடைப்பது? அது துணுக்காகப் பிய்ந்து ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைத்தால், கசிவைச் சரிசெய்யப் போய் பேரிங்கையே இழக்க நேரிடும். கார்க் பேக்கிங்குக்கு மூலைகளில் மட்டும், அதாவது பிளாக்கும் டைமிங் கவரும் (என்ஜினின் முன்பக்க மூடி) மெயின் கேப்பும் (கிராங்கைத் தாங்கும் பிடி) சந்திக்கும் இடங்களில், ஒரு பொட்டு போதும். கார்க் முழுக்கச் சிலிகானைப் பூசினால் இறுக்கும்போது வழுக்கி உள்ளே ஓடிவிடும். சம்ப் பக்கம் மெல்லிய ஒட்டுப்பசை, பிளாக் பக்கம் எதுவும் வேண்டாம். நாள்பட்டுச் சுருங்கிய கார்க், துளைக்குச் சேரவில்லையா? இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான நீரில் போட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும்.

பேக்கிங் வாங்கும்போது என்ஜினின் ஆண்டைச் சொல்லி வாங்குங்கள். செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் என்ற V8 என்ஜினை எடுத்துக்கொண்டால், 1975 வாக்கில் முன்பக்கச் சீல் தடிமனானது. 1986 முதல் பின்பக்க மெயின் சீல் ஒற்றை வளையமானது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே என்ஜின் மாதிரிதான் இருக்கும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் திறந்திருக்கும் துளைகளில் மரை வழியாகவும் எண்ணெய் ஏறி வரும். அங்கே மரையில் கொஞ்சம் சீலன்ட். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரை மாற்ற முடியாவிட்டால், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். ஜாக்கை ஒருபோதும் சம்ப்புக்கு நேர் கீழே வைக்காதீர்கள். உள்ளே நெளிந்த தகடு ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வாயை அடைத்துவிடும்.

சிலிகான் போட்டிருந்தால், டியூபில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, 24 மணி நேரம் கழித்து எண்ணெய் ஊற்றுங்கள். சில நாள் ஓடிய பின் ஒரே ஒரு முறை, அதே அளவுக்கு மேல் போகாமல் போல்ட்டுகளைச் சரிபாருங்கள். இரவில் காரின் கீழே ஓர் அட்டையை விரித்து, முன் சக்கரங்களின் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால், என்ஜினில் எந்தப் பக்கம் டார்ச் அடிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.